அரவிந்தவல்லி சொல்லாத நம்பர்

அரவிந்தவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், அப்பா விட்டுப்போன வீட்டில், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கணவர் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கையில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே பெண் ஸ்ம்ருதி மெல்போர்னில் இருந்தாள், ஒரே அண்ணா அச்யுத் லண்டனில். தெருவில் யாரைக் கேட்டாலும் வல்லி நல்லவள் என்பார்கள். நல்லவள்தான், நானும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நல்லவள் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கூடத்தில் அம்மாவின் உடலைக் கிடத்தி வைத்துக்கொண்டு, அண்ணாவிடம் போனில் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் அண்ணாவின் மைல்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அச்யுத் லண்டனுக்குப் போய் இருபத்தாறு வருஷம். கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், ஒரு குறையும் இல்லை. ஆனால் விமான டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது அவனைப் பொறுத்தவரை ஏமாளிகள் செய்கிற காரியம். கிரெடிட் கார்டில் செலவு செய்தால் பாயிண்ட் சேரும். பாயிண்ட்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் மைல் ஆகும். மைல் போதுமான அளவு சேர்ந்தால், வரியை மட்டும் கட்டிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே உலகம் சுற்றலாம். எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு இதை விளக்குவான். அவருக்குப் பரிமாறிய பாயசம் ஆறி ஏடு கட்டிவிடும்.

லண்டன் கார்டுகள் சுத்தக் கஞ்சம், நம் ஊர்க் கார்டுதான் அள்ளிக் கொடுக்கிறது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. அதனால் திருச்சியிலேயே ஒரு பாங்கில் கார்டு வாங்கி, அதற்குத் துணையாக இன்னொரு கார்டும் வாங்கித் தங்கை கையில் கொடுத்தான். கார்டுக்கு இந்திய மொபைல் நம்பர் ஒன்று வேண்டுமே, அதற்கு ஒரு பழைய பட்டன் போனில் சிம் போட்டு அதையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான். அன்று பிடித்தது சனி.

மளிகை, மருந்து, கரண்டு பில், அம்மாவுக்கு டயபர் என்று வீட்டுக்கு வாங்குகிற எதுவானாலும் அவள் அந்தக் கார்டில்தான் தேய்க்க வேண்டும். கார்டு வாங்காத கடைக்குப் போகக் கூடாது. அது போதாதென்று, லண்டனில் உட்கார்ந்தபடி அவன் எதை வாங்கினாலும் பட்டன் போனுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. வரும். அவன் கூப்பிட்டவுடன் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அடுப்பில் தளிகை இருக்கலாம், அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கலாம், அதெல்லாம் அவனுக்குத் தெரியாது. மூன்று நிமிஷத்தில் அந்த நம்பர் செல்லாமல் போய்விடும். ஆகவே அந்தப் போனை இடுப்பில் சொருகிக்கொண்டே வீட்டில் வளைய வந்தாள். குளிக்கப் போனால் கொடியில் தொங்கும்.

அம்மாவின் செலவு அவன் பொறுப்பு. அரவிந்தவல்லி தன் சொந்தச் செலவுக்கு உண்டானதை மாதம் பிறந்ததும், கணவர் போனபிறகு வருகிற பென்ஷனிலிருந்து எடுத்து அவன் கணக்கில் கட்டிவிடுவாள். ஸ்ம்ருதி கல்யாணத்துப் பட்டு, நகை, சத்திரம் எல்லாமே அந்தக் கார்டில்தான் போயின. கணவருடைய பிராவிடண்ட் பணத்தை எடுத்துப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தாள். பாயிண்ட் மட்டும் அவன் பேரில் தங்கிவிட்டது. நம்ம பாயிண்ட், நம்ம பாயிண்ட் என்றுதான் அவன் வாய் ஓயாமல் சொல்வான். ஒரு நாள் அவளும் அதில் படுத்துக்கொண்டே பறக்கப் போகிறாளாம். அவளும் நம்பினாள்.

அம்மாவை இருபது வருஷமாகப் பார்த்து வந்த டாக்டர் தெற்கு வாசல் பக்கம் இருந்தார். ரொக்கம்தான் வாங்குவார். அச்யுத் அவரை நிறுத்திவிட்டு, கார்டு தேய்க்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் புத்தூருக்கு மாற்றினான். காவிரிப் பாலத்து நெரிசலில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகும்போதெல்லாம், நம்ம டாக்டர் செத்துப்போய்விட்டாரா என்று அம்மா கேட்பாள். அரவிந்தவல்லி என்னத்தைச் சொல்வாள். வெளியூர் போயிருக்கிறார் என்பாள்.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து மணிமேகலை என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து அம்மாவுக்குப் பிசியோதெரபி செய்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி. அம்மாவை அதட்டி மிரட்டிக் கூடத்திலிருந்து வாசல் நிலைவரை நடக்க வைத்துவிட்டாள். கார்டு மெஷின் இல்லாத ஆளை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய், ஆஸ்பத்திரியிலேயே பிசியோ இருக்கிறதே என்றான் அச்யுத். ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவால் நடக்க முடிய வேண்டும், நடப்பதற்கு மணிமேகலை வர வேண்டும். இத்தனை சின்ன விஷயம் அத்தனை பெரிய மூளையில் ஏறவில்லை. அரவிந்தவல்லி தன் பென்ஷனிலிருந்தே மணிமேகலைக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தாள். அது தெரிந்ததும், பெற்றவளுக்கு நான் செய்வதில்லை என்று ஊருக்குக் காட்டுகிறாயா என்று அவன் ஒரு வாரம் பேசாமல் இருந்தான். அவள் பயந்துபோய் நிறுத்திவிட்டாள். அண்ணாவுக்குப் பயப்பட அவளுக்கு ஐம்பது வருஷப் பழக்கம். இரண்டே மாதத்தில் அம்மா படுக்கையோடு படுக்கையானாள்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு உலகமே அந்தப் பிள்ளைதான். துணி மாற்றுகிறவள் பெண், கஞ்சி புகட்டுகிறவள் பெண், புண்ணுக்கு மருந்து போடுகிறவளும் பெண்தான். கண் திறந்தால் கேட்பது மட்டும், அச்யுத் வந்துட்டானா. ஒரு நாள் அரவிந்தவல்லியின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவன் கையால கொள்ளி வெக்கணும். அவன் வர வரைக்கும் என்னை ஆத்தைவிட்டு எடுக்கப்படாது. சத்தியம் பண்ணு."

அரவிந்தவல்லி சத்தியம் பண்ணினாள். மனசு வலித்தது. வலித்தாலும் பண்ணினாள்.

இது இப்படியிருக்க, போன வருஷம் ஸ்ம்ருதி உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சுரங்கக் கம்பெனியில் வேலை, மூன்று வாரம் பாலைவனத்தில், ஒரு வாரம் வீட்டில். பிரசவத்துக்கு நீ வந்தால்தான் ஆச்சு என்று பெண் போனில் அழுதாள். அரவிந்தவல்லி விசா வாங்கினாள். பெரியப்பா பிள்ளை சக்ரபாணியின் மனைவி இரண்டு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். பிரசவ லேகியம் கிளறி, சுக்குப்பொடி இடித்து, குழந்தைக்கு வசம்புக் காப்பு கோத்து, அங்கே ஏர்போர்ட்டில் கேட்பார்களாம் என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரை இங்கிலீஷில் எழுதி ஒட்டினாள். டிக்கெட் நாற்பத்தெட்டாயிரம். டெபாசிட்டை உடைக்கப் பாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அச்யுத் கூப்பிட்டான்.

"எதுக்கு வேஸ்ட்? பாயிண்ட் இருக்கறச்சே யாராவது காசு குடுப்பாளா? நான் போட்டுத் தரேன், படுத்துண்டு போ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அந்தச் செருப்பை அன்று கழற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு மாதம் போயிற்று. மைலுக்குக் கொடுக்கிற சீட்டு இன்னும் திறக்கவில்லை, திறக்கும், பொறு என்றான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, பெரிய அளவில் பாயிண்ட்டை மாற்றுகிறேன், நம்பர் வரும் சொல்லு என்றான். அரவிந்தவல்லி பட்டன் போனைப் பெருமாள் முன்னால் ஒரு நொடி வைத்து எடுத்துவிட்டுத்தான் அந்த ஆறு எண்ணையும் படித்தாள். நீ நன்னா இருக்கணும் அண்ணா என்றுகூடச் சொன்னாள். அவன் அவசரமாக இருந்தான்.

அது அவளுடைய டிக்கெட் இல்லை. பத்து நாள் கழித்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் படம் வந்தது. அச்யுத்தும் மன்னியும் விமானத்தில் கட்டில் மாதிரி சீட்டில் சாய்ந்துகொண்டு, கையில் கிளாஸ். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு டோக்கியோ போகிறார்கள். காசு கொடுத்தால் பதினொரு லட்சமாம், தனக்கு வெறும் வரிதானாம். கீழே எல்லோரும் கை தட்டியிருந்தார்கள்.

அவள் கூப்பிட்டுக் கேட்டாள். முதல் தடவையாகக் குரலை உயர்த்திக் கேட்டாள். உனக்கென்று எங்கே எழுதி வைத்திருக்கிறது, கார்டு யார் பேரில் இருக்கிறது என்றான் அவன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். பிரசவம் என்ன மாதச் சீட்டா, தள்ளிப்போட? அதற்குள் பள்ளி விடுமுறை வந்து டிக்கெட் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு ஏறிவிட்டது. டெபாசிட்டை உடைத்து அதையும் கட்டியிருப்பாள், ஆனால் சக்ரபாணியின் மனைவிக்கு வேறு வேலை வந்துவிட்டது, அம்மாவை விட்டுப் போக ஆள் இல்லை. ஸ்ம்ருதி முப்பத்தொரு மணி நேரம் தனியாக வலி எடுத்துப் பெற்றாள். பக்கத்து வீட்டு இர்பானா, நம் திருச்சிப் பாலக்கரைப் பெண், ரசம் வைத்துக் கொடுத்து ராப்பகலாய்க் கூட இருந்தாள். அரவிந்தவல்லி போனில் அழுதபோது ஸ்ம்ருதி அழவில்லை.

"நீ வரலைம்மா. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு குழந்தையின் படம் வரும். பேச்சு வராது. லேகியம் பாட்டிலிலேயே பூத்துப்போனது. பொட்டலங்களின் மேல் இங்கிலீஷ் எழுத்து அப்படியே இருந்தது.

அதற்கு அடுத்த மாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்மா பரமபதித்தாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை. சக்ரபாணி வந்தார். ஆகவேண்டியதைச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பெருமாள் இந்த வீதியாகப் புறப்பாடு, அதற்குள் எடுத்துவிட வேண்டும். அச்யுத் மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிட்டால் அவன் கையாலேயே நடக்கும். இல்லையென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

பதினோரு மணிக்கு அச்யுத் கூப்பிட்டான். முதலில் அழுதான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், அழத்தான் அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"இங்க மத்தியானம் ரெண்டு மணி ஃப்ளைட்ல மைல்ல ஒரே ஒரு சீட்டு இருக்கு. நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஆத்துல இருப்பேன். பாயிண்ட்டை மாத்தணும். நம்பர் வரும், சொல்லு."

"காசு குடுத்து வாங்கிண்டு வந்துடேன் அண்ணா."

"மூணு லட்சம் சொல்றான். எதுக்கு வேஸ்ட்? பாயிண்ட் இருக்கறச்சே யாராவது காசு குடுப்பாளா?"

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. இடுப்பில் பட்டன் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நாலு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஒன்று, ஒன்பது. பளிச்சென்று இருந்தது.

"வரல அண்ணா."

நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவுக்குக் கொள்ளி இல்லாமல் போகட்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கட்டட்டும், மூன்று லட்சத்தைக் கையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வரட்டும், வயிறு எரியட்டும், அவ்வளவுதான் நினைத்தாள். பெற்ற தாய் செத்துக் கிடக்கும்போது எந்தப் பிள்ளையும் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று அவள் நம்பினாள். ஐம்பத்தெட்டு வயதில், அந்த அண்ணாவைப் பற்றி, அப்படியொரு நம்பிக்கை. அசடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

அவன் பாங்கை மறுபடி அனுப்பச் சொல்லி லாப்டாப்பில் அழுத்தினான். போன் மறுபடி அதிர்ந்தது. வேறு ஆறு எண். வரவில்லை என்றாள். வாசலுக்குப் போய்ப் பார், சிக்னல் இருக்கும் என்றான். வாசலுக்குப் போனாள். ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவையும் வரவில்லை என்றாள். மூன்று தடவைக்கு மேல் பாங்க் அனுப்பாது, ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடும். அவளுக்கு அது தெரியும். இத்தனை வருஷத்தில் எல்லாம் அத்துப்படி.

சரி, காசே கட்டுகிறேன் என்று சொல்லப்போகிறான் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சரி விடு. பெருமாள் சித்தம். சக்ரபாணியை வெச்சு நடத்திடுங்கோ. நான் பத்தாம் நாள் காரியத்துக்கு வந்துடறேன். அடுத்த வாரம் நிறைய சீட்டு இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கடைசி நம்பரை அவசர அவசரமாகப் படித்தாள். லாக் ஆகிவிட்டது, இனிமேல் பிரயோஜனமில்லை என்றான்.

"நான் தரேன் அண்ணா. மூணு லட்சமும் நான் தரேன், டெபாசிட் இருக்கு. அம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். கிளம்பி வா."

"பைத்தியமா உனக்கு? தங்கை காசுல வந்தான்னு பேர் வாங்கவா?" என்றான். ஆபீசுக்கு லீவு சொல்ல வேண்டும் என்று போனை வைத்துவிட்டான்.

பிள்ளை வரப்போவதில்லை என்றானதும் காத்திருப்பதற்குக் காரணமில்லை. மூன்று மணிக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். ஐஸ் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை இல்லாத இடத்தில் பெண்ணுக்குத்தான் அதிகாரம், அவள் கையால் தர்ப்பைப் புல்லைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு இன்னொரு ஆண்பிள்ளை நடத்தலாம். காரியம் செய்துவைக்க வந்த வாத்யார் தர்ப்பையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைச் சக்ரபாணியிடம் நீட்டினாள். நீட்டும்போது இடுப்பில் அந்தப் போன் உறுத்தியது. வாய்க்கரிசி போடக் குனிந்தவள், மன்னிச்சுடு அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், சொல்லவில்லை. கொள்ளிடக் கரையில் சக்ரபாணி கொள்ளி வைத்தார். நல்ல மனுஷர், குறையில்லாமல் செய்தார். ஆனால் அம்மா கேட்டது அவரை இல்லை.

ஒன்பதாம் நாள் காலை அச்யுத் வந்து இறங்கினான். நன்றாகத் தூங்கி வந்த முகம். விமானத்தில் சும்மா கொடுத்தது என்று ஒரு சின்னப் பையைத் தங்கையிடம் கொடுத்தான். உள்ளே பிரஷ், காலுறை, முகத்துக்குப் பூசுகிற க்ரீம். பத்தாம் நாள் காரியத்துக்கு என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு, வாத்யார் கார்டு வாங்கிப்பாரா என்று கேட்டான். வாத்யார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

அரவிந்தவல்லி பதின்மூன்று நாளும் தூங்கவில்லை. சாதம் இறங்கவில்லை. அவனுடைய உரிமையைப் பறித்துவிட்டோம், அவன் வாழ்நாள் முழுக்க இதை நினைத்து உருகப்போகிறான் என்று அவளுக்கு நெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. சொல்லிவிட வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து, சாப்பிட வந்தவர்கள் போனபிறகு, கூடத்தில் அவன் தனியாக இருந்தபோது எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கு நம்பர் வந்துது அண்ணா. மூணு தடவையும் உடனே வந்துது. நான்தான் சொல்லல."

அச்யுத் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பளாரென்று ஒன்று விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"யார்கிட்டயும் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"சொல்லிடாதே. உங்க நம்பர் வராததால பெத்த அம்மாவுக்குக் கொள்ளி வெக்க முடியலைன்னு பாங்க்குக்கு எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு இருபதாயிரம் பாயிண்ட் போட்டிருக்கான். இது தெரிஞ்சா திருப்பி எடுத்துண்டுடுவான்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. துக்கமும் இல்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான், யாராவது கேட்டிருப்பார்களோ என்று. பிறகு குரலைத் தணித்து, வேணுமானால் அதில் பாதி உனக்கு, சென்னைக்கு ஒரு வழி டிக்கெட் வரும் என்றான்.

அரவிந்தவல்லி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவனுக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு மயிரிழைகூடப் போகவில்லை. அவள் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஆறு எண்ணில் நஷ்டப்பட்டவள் ஒரே ஒருத்திதான். கூடத்தின் அந்த மூலையில், அச்யுத் வந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே கிடந்த கிழவி. அண்ணாவை அடிப்பதாக நினைத்துக்கொண்டு அவள் அம்மாவை அடித்திருக்கிறாள். இனி அதை யாரிடம் போய்ச் சொல்வாள், யார் மன்னிப்பார்கள்.

அச்யுத் லாப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். சனிக்கிழமை திரும்பிப் போக ஜன்னல் ஓரமாக ஒரு நல்ல சீட்டு திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது.

"வல்லி, நம்பர் வந்திருக்கும் பாரு."

எடுத்துப் பார்த்தாள். ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னாள்.